குடைக்காரர் ஸ்டாப்

மேம்பாலத்தின் உச்சியில் ஒரு பேருந்து நிறுத்தம் இருக்கிறது. ஏறிவரப் படி கிடையாது, இறங்கிப்போகப் படி கிடையாது. பக்கத்தில் வீடோ கடையோ கிடையாது. கைப்பிடிச் சுவரைத் தாண்டினால் காற்றுதான். அந்த வழியாகப் போகிறவர்கள் எல்லோரும், "எந்த மகானுபாவன்யா இங்க ஸ்டாப் கேட்டான்?" என்று ஒருமுறையாவது பல்லைக் கடிக்கிறார்கள். அந்த மகானுபாவன் நான்தான். நான் கேட்கவில்லை. குடையை மாட்டினேன், அவ்வளவுதான்.

நான் கண்ணாடிக் கடையில் கண்ணுக்கு அளவு பார்க்கிறவன். இருட்டறையில் ஆட்களை உட்காரவைத்து, வில்லையை மாற்றி மாற்றிப் போட்டு, "இது தெளிவா இருக்கா, முன்னாடி போட்டது தெளிவா இருந்ததா?" என்று நாளெல்லாம் கேட்பது என் பிழைப்பு. அப்படிப்பட்டவன் அன்று காலைப் பேருந்தில், கூட்டத்துக்கு நடுவே, என் கண்ணாடியைக் கழற்றிச் சட்டை நுனியில் துடைத்துக்கொண்டிருந்தேன். அக்குளில் இருந்த குடை நழுவியது. தலைக்கு மேலே மங்கலாக ஒரு கம்பி தெரிந்தது. குடையின் வளைந்த பிடியை அதில் மாட்டினேன்.

அது கம்பி இல்லை. மணிக்கயிறு.

டிரைவர் சொன்ன பேச்சு கேட்கிற மனிதர். மணி அடித்தது, நிறுத்தினார். கதவு திறந்தது. ஜன்னலுக்கு வெளியே இரண்டு பக்கமும் வானம்.

"யாருங்க இறங்கறது?" என்றார் கண்டக்டர்.

யாரும் அசையவில்லை. கயிற்றில் குடை மட்டும் ஆடிக்கொண்டிருந்தது. பேருந்து முழுவதும் முதலில் குடையைப் பார்த்தது, பிறகு என்னைப் பார்த்தது.

"சார், நீங்களா?"

"தெரியாம மாட்டிட்டேங்க" என்று சொல்லியிருக்கலாம். சொல்லியிருந்தால் இந்தக் கதையும் இல்லை, அந்த நிறுத்தமும் இல்லை. ஆனால் பின்னாலிருந்து ஒருவர், "ஆபீஸ் போற நேரத்துல உசுரை வாங்கறானுங்கப்பா" என்றார். எனக்கு முகம் சுட்டது. "ஆமா, நான்தான்" என்று சொல்லிவிட்டுக் குடையைக் கழற்றிக்கொண்டு, ரொம்ப நாளாக அங்கேதான் இறங்கிக்கொண்டிருக்கிறவன் மாதிரி இறங்கினேன். பேருந்து கண்ணை விட்டு மறைகிற வரைக்கும் சுவரில் கைவைத்து ஊரின் அழகை ரசித்தேன். பிறகு பாலத்தின் ஓரமாகவே கடைக்கு நடந்தேன்.

எங்கள் போக்குவரத்துக் கழகம் அப்போதுதான் 'பயணியே முதலாளி' என்று ஒரு திட்டம் கொண்டுவந்திருந்தது என்பது எனக்குத் தெரியாது. டிரைவர் பக்கத்தில் சாப்பாட்டு டப்பா அளவில் ஒரு கருவி வைத்திருந்தார்கள். மணி அடித்து, கதவு திறந்து, ஆள் இறங்கினால், 'இந்த இடத்தில் இறங்க முதலாளி விரும்புகிறார்' என்று அது தலைமை அலுவலகத்துக்குச் சொல்லிவிடும். தலைமை அலுவலகம் அந்தத் தகவலுக்காகத்தான் மாதக்கணக்கில் காத்திருந்ததாம். கருவி வைத்த பிறகு வழக்கமான நிறுத்தம் அல்லாத இடத்தில் இறங்கிய முதல் மனிதப் பிறவி நான்.

இரண்டு வாரம் கழித்து ஒரு நாள், வழக்கம்போல அக்காவை டயாலிசிஸுக்கு அழைத்துப்போனேன்.

அக்காவைப் பற்றிச் சொல்ல வேண்டும். தொலைபேசி நிலையத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவள். எந்த லைன் கிடைக்காவிட்டாலும் குரலில் ஒரு சுருக்கம் விழாமல், "முயற்சி பண்றோம், கொஞ்சம் இருங்க" என்று சொல்லியே காலம் கழித்தவள். சிறுநீரகம் இரண்டும் கைவிட்டபோதும் டாக்டரிடம் "பரவாயில்ல டாக்டர்" என்றாள். ஒரு நாள் விட்டு ஒரு நாள் ரத்தத்தைச் சுத்தம் செய்தாக வேண்டும். காலையில் கடைக்குப் போகும் வழியில் நான் கொண்டுபோய் விடுவேன். மதியச் சாப்பாட்டு நேரத்தில் வந்து வீட்டுக்குப் பேருந்து ஏற்றிவிடுவேன். நோயாளிகளுக்கு இலவச பாஸ் உண்டு. ஆட்டோவில் போகலாம் என்றால், "பாஸை என்ன தலைக்கு வச்சுப் படுக்கவா?" என்பாள். தவிர, ஆட்டோவில் போய்க்கொண்டே இருக்க நான் கண் டாக்டரா என்ன, கண்ணாடிக் கடைக்காரன்தானே.

ஆஸ்பத்திரி வாசலிலேயே நிறுத்தம். இறங்கினால் வாசல் காவலாளி சக்கர நாற்காலியோடு நிற்பார். மேம்பாலம் அதைத் தாண்டிப் போய், வளைந்து திரும்பி, ஆஸ்பத்திரிக்கு மேலாகவே ஏறும்.

அன்று ஆஸ்பத்திரி வாசல் வந்தது. பேருந்து நிற்கவில்லை.

"ஹலோ, ஆஸ்பத்திரி! ஆஸ்பத்திரி!" என்று கத்தினேன்.

"அந்த ஸ்டாப்பு எடுத்துட்டாங்க சார்" என்றார் கண்டக்டர், அன்று இருந்தவர் இல்லை, வேறொருவர். "மேல புதுசா ஒண்ணு வந்திருக்கு. அதுக்கும் இதுக்கும் ரொம்பக் கிட்டக்க ஆயிடுச்சு. ரெண்டு ஸ்டாப்புக்கு நடுவுல இவ்வளவு தூரம் இருக்கணும்னு ரூல் இருக்குல்ல? அதான், பழசை எடுத்துட்டாங்க."

"மேல யாரு இறங்கப்போறா?"

"எனக்கு என்ன சார் தெரியும்? எவனோ ஒரு குடைக்காரன் கேட்டு வாங்கினானாம்."

நான் குடையைக் காலுக்குப் பின்னால் மறைத்துக்கொண்டேன்.

பாலத்தின் உச்சியில் இறங்கினோம். எங்களோடு இன்னும் சில ஆஸ்பத்திரிக்காரர்களும் இறங்கினார்கள். சுவரோரம் நின்று எட்டிப் பார்த்தால் நேர் கீழே ஆஸ்பத்திரி. வாசல், வேப்பமரம், சக்கர நாற்காலி, காவலாளி எல்லாம் தெரிந்தது. காவலாளி எங்களைப் பார்த்துவிட்டார். கை ஆட்டினார். அக்காவும் கை ஆட்டினாள். கயிறு கட்டி இறக்கினால் அந்த நாற்காலியிலேயே உட்காரலாம். ஆனால் கால்வழி என்றால் பாலத்தின் அடிவரை நடந்து, திரும்பி அவ்வளவு தூரமும் கீழே நடக்க வேண்டும்.

"பரவாயில்லடா, காத்து நல்லா வருது" என்றாள் அக்கா.

போகும்போது இறக்கம். மதியம் திரும்பும்போது ஏற்றம். டயாலிசிஸ் முடிந்து வெளியே வரும் ஆளைப் பார்த்திருக்கிறவர்களுக்குத் தெரியும், பிழிந்து உதறிய துணி மாதிரி வருவார்கள். அப்படி வந்தவளை நான் பாலத்தின் மேலே ஏற்றினேன். பத்தடிக்கு ஒரு தரம் நின்றாள். நிற்கிற ஒவ்வொரு தரமும், ஏதோ அவளே ஆசைப்பட்டு நிற்கிற மாதிரி, "அந்தக் கட்டடம் எப்போ வந்துச்சு?" என்று எதையாவது கேட்டாள். குடையைப் பற்றி நான் சொல்லவில்லை. சொல்ல வாய் வரவில்லை.

அடுத்த முறை நாங்கள் போனபோது என்னிடம் ஒரு யோசனை இருந்தது. முள்ளை முள்ளால்தானே எடுக்க வேண்டும்? ஆஸ்பத்திரி வாசல் நெருங்கும்போது, தெரிந்தே குடையை உயர்த்தினேன். மாட்டுவதற்கு அங்கே ஒன்றும் இல்லை.

"கயிறா சார்?" என்றார் கண்டக்டர். "அதைக் கழட்டிட்டாங்களே. பயணி விருப்பம் என்னன்னு தெரிஞ்சாச்சு, இனிமே கயிறு எதுக்குன்னு."

டிரைவர் அன்று பாலத்தில் நிறுத்தியவரேதான். அவர் தோளருகே போய்க் கெஞ்சினேன். அவர் கண்ணாடியில் அக்காவைப் பார்த்தார். பாவம், நல்ல மனிதர். "ஸ்டாப் இல்லாத இடத்துல பிரேக் போட்டா இது கத்தும் சார்" என்று அந்த டப்பாவைக் காட்டினார். "அன்னிக்குப் பாலத்துல நிறுத்தினதுக்கு எனக்குப் பாராட்டுக் கடிதம் வந்துச்சு. அன்னிலேர்ந்து எதுக்கு நிறுத்தினா பாராட்டு, எதுக்கு நிறுத்தினா வேலை போகும்னு ஒண்ணும் புரியல."

மறுநாள் கடையில் லீவு சொல்லிவிட்டுப் போக்குவரத்துக் கழகத்தின் தலைமை அலுவலகத்துக்குப் போனேன். அங்கே பேருந்து போகாது. ஷேர் ஆட்டோ பிடித்துப் போனேன்.

வாசலில் 'விசாரணை' என்ற பலகையின் கீழ் ஓர் அம்மாள் உட்கார்ந்திருந்தார். ஆஸ்பத்திரி நிறுத்தம் திரும்ப வருமா, வராதா என்று கேட்டேன்.

"இங்க கேக்கலாம் சார்" என்றார்.

"அதான் கேட்டேன்."

"கேட்டாச்சுல்ல? பதில் மாடியில சொல்வாங்க. நிறுத்தப் பிரிவு."

மாடியில் நிறுத்தப் பிரிவின் அதிகாரி என்னை எழுந்து நின்று வரவேற்றார். சுவர் முழுக்க நகரத்தின் வரைபடம். ஒவ்வொரு நிறுத்தத்துக்கும் ஒரு சின்ன விளக்கு. எவ்வளவு பேர் இறங்குகிறார்களோ அவ்வளவு பிரகாசமாக எரியுமாம்.

"பாருங்க" என்று பெருமையோடு காட்டினார். "மேம்பால நடு! எப்படி ஜொலிக்குது பாருங்க! ஆரம்பிச்ச நாள்ல மினுக்மினுக்னு இருந்துச்சு. இன்னிக்கு மத்ததையெல்லாம் முழுங்கிடும் போல இருக்கு. எங்க சர்வீஸ்லயே இவ்வளவு வேகமா வளர்ந்த நிறுத்தம் கிடையாது."

"ஐயா, அது ஆஸ்பத்திரிக்குப் போறவங்க. கீழ நிக்காததால மேல இறங்கறாங்க."

"ஏன் இறங்கறாங்கன்னு விளக்குக்குத் தெரியாதுங்க. இறங்கறாங்களா இல்லையா?"

"இறங்கறாங்க."

"அப்ப விரும்பறாங்க."

நான் உண்மையைச் சொன்னேன். கண்ணாடியைக் கழற்றியது, கம்பி என்று நினைத்தது, கயிறாக இருந்தது, வெட்கப்பட்டு இறங்கியது. எல்லாம் சொன்னேன். அவர் முகம் மாறிவிட்டது.

"பயணி தவறு செய்வதில்லை. இது எங்க கழகத்தோட கொள்கை."

"அந்தப் பயணியே நான்தாங்க. தப்பு பண்ணினேன்னு நானே சொல்றேன்."

"நீங்களா இருக்கலாம். அதுக்காக எங்க பயணியைப் பத்தி நீங்க இப்படிப் பேசறதை அனுமதிக்க முடியாது."

சற்று நேரம் என்னை முறைத்துவிட்டு, திடீரென்று மலர்ந்தார். "அப்போ... அந்தக் குடைக்காரர் நீங்கதானா? உங்களைத்தான் சார் தேடிட்டிருக்கோம்! திறப்பு விழா வைக்கப்போறோம்!"

திறப்பு விழாவெல்லாம் வேண்டாம், ஆஸ்பத்திரி வாசலில் பேருந்து நின்றால் போதும் என்றேன். அவர் நாற்காலியில் சாய்ந்தார். எனக்கு நல்லது செய்ய வேண்டும் என்ற ஆசை அவர் முகத்தில் நிஜமாகவே தெரிந்தது. அதுதான் இன்னும் பயமாக இருந்தது.

"வழி இருக்கு. பழைய நிறுத்தம் திரும்ப வேணும்னா, அங்க ஒரு பயணி இறங்கணும். இறங்கினா கருவி சொல்லிடும்."

"அங்க பஸ் நிக்காதே?"

"நிக்காததால யாரும் இறங்கலை. யாரும் இறங்காததால நிக்கலை." வலது கையால் ஒரு வட்டம் போட்டார். "எவ்வளவு ஒழுங்கா இருக்கு பாருங்க, ஒரு ஓட்டை கிடையாது. இல்லேன்னா இன்னொரு வழி. மேம்பால நடுவுல தொடர்ந்து ஒரு வாரம் ஒருத்தர்கூட இறங்கக் கூடாது. அப்போ அந்த நிறுத்தம் தானா விழுந்திடும். அது விழுந்தா பழசு எழுந்திடும்."

"நிச்சயமா எழுந்திடுமா?"

"எழுந்திருக்க எந்தத் தடையும் இருக்காது."

"ஐயா, எனக்கு வரும், வராதுன்னு ஒரு வார்த்தை சொன்னா போதும்."

"சொல்லிட்டேனே" என்றார் அவர்.

அன்றிலிருந்து டயாலிசிஸ் வார்டில் ஆள் சேர்த்தேன். அங்கே வருகிறவர்கள் எல்லாம் ஒரு குடும்பம் மாதிரி. பக்கத்துப் பக்கத்துப் படுக்கையில் வாரத்தில் பாதி நாள் படுத்திருந்தால் வேறென்ன ஆகும்? லாரிக்காரர் என்று ஒருவர் இருந்தார், லாரி ஓட்டிக் கண்டம் தாண்டியவர். தையல்காரம்மா ஒருவர், ஊசி குத்தாத இடமே தன் உடம்பில் இல்லை என்று தமாஷ் பேசுகிறவர். எல்லோரிடமும் சொன்னேன்: ஒரு வாரம் யாரும் பாலத்தில் இறங்கக் கூடாது. பாலம் தாண்டி மார்க்கெட் நிறுத்தத்தில் இறங்கி, திரும்பி நடந்து வரவேண்டும். ரொம்ப தூரம்தான். ஒரே ஒரு வாரம்.

"யாரு அந்தக் குடைக்காரன்?" என்றார் லாரிக்காரர். "அவன் மட்டும் எங்கையில கிடைச்சான்..."

"எதுக்கு அண்ணே, அவன் என்ன கஷ்டத்துல இருக்கானோ" என்றேன்.

அக்கா என்னைத் திரும்பிப் பார்த்தாள்.

சொன்னபடியே எல்லோரும் நடந்தார்கள். மார்க்கெட்டிலிருந்து அந்த ஊர்வலத்தைப் பார்க்க வேண்டுமே. லாரிக்காரர் வீங்கிய காலை இழுத்துக்கொண்டு முன்னால், குடிதண்ணீரைக்கூட அளந்து குடிக்க வேண்டிய தையல்காரம்மா நாக்கு உலர்ந்து நடுவில், அக்கா என் தோளில் கைபோட்டுக் கடைசியில். வழியில் ஒரு சின்னப் பாலத்துக் கட்டையில் அக்கா உட்கார்ந்துவிட்டாள். "முயற்சி பண்றோம், கொஞ்சம் இருங்க" என்று தன் காலைப் பார்த்துச் சொன்னாள். நர்ஸிடம் எல்லோரும் தாமதத்துக்குத் திட்டு வாங்கினோம். ஆனால் பாலத்தில் எங்கள் ஆள் ஒருவர்கூட இறங்கவில்லை.

வாரக் கடைசியில் அக்காவுக்கு முறை இல்லாத ஒரு நாள், வெற்றி நெருங்கிய தெம்பில், தனியாக ஜன்னலோரம் உட்கார்ந்து போய்க்கொண்டிருந்தேன். மேம்பால நடு. பேருந்து நின்றது. முன்பக்கமிருந்து காக்கிச் சட்டை போட்ட ஒருவர் எழுந்தார். கையில் விரலால் அழுத்தி ஆளை எண்ணுகிற கருவி. நிதானமாக இறங்கினார்.

எனக்கு ரத்தம் தலைக்கேறியது. "ஐயய்யோ, யோவ்!" என்று கத்திக்கொண்டு அவர் பின்னால் ஓடினேன். "எதுக்குய்யா இங்க இறங்கறீங்க?"

"நான் பரிசோதகர் சார்" என்றார் அவர் பணிவாக. "இந்த நிறுத்தத்துல யாராவது இறங்கறாங்களான்னு பார்க்க ஆணை. தினமும் வர்றேன்."

"தினமும் இங்க இறங்கறீங்களா?"

"இறங்காம எப்படி சார் பார்க்கறது?"

"நீங்க இறங்கறதும் கணக்குல வருமா?"

அவர் கொஞ்சம் யோசித்தார். "நான் கடமைக்கு இறங்கறேன். ஆனா டப்பாவுக்குக் கடமை தெரியாது. அதனால நானும் பொய் சொல்லக் கூடாதுன்னு என்னையும் சேர்த்து எண்ணிக்குவேன்." கருவியை ஒரு அழுத்து அழுத்தினார். டிக்.

"அப்போ இத்தனை நாளும்..."

"ஆமா, நான் ஒருத்தன்தான் இறங்கினேன். இன்னிக்குத்தான்..." என்று என்னை ஏற இறங்கப் பார்த்தார். பிறகு இன்னொரு முறை அழுத்தினார். டிக்.

பேருந்து போய்விட்டிருந்தது. ஆத்திரத்தில் நானும் இறங்கிவிட்டதை அப்போதுதான் கவனித்தேன்.

"வருத்தப்படாதீங்க சார்" என்றார் பரிசோதகர். "ஒரே நாள்ல ரெண்டு மடங்கு. மேல சந்தோஷப்படுவாங்க."

மேலே சந்தோஷப்பட்டார்கள். திறப்பு விழாவுக்கு நாள் குறித்துவிட்டார்கள்.

விழா பாலத்தின் உச்சியிலேயே நடந்தது. வருகிற பெரிய மனிதரிடமே கேட்டுவிடலாம் என்று நானும் போய் மேடையில் நின்றேன். நிழற்குடை கட்டியிருந்தார்கள். உட்காரப் பலகை இல்லை, முதுகைச் சாய்த்துக்கொள்ள ஒரு குழாய். உட்காரவைத்தால் பயணிகளுக்கு ஏறும் விருப்பம் குறைந்துவிடுகிறதாம். கழகத்தின் தலைவர் வரத் தாமதமாகியது. பாலத்தில் பேருந்துகள் நின்று நின்று போவதால் அவருடைய கார் வாகன நெரிசலில் மாட்டிக்கொண்டதாக ஒலிபெருக்கியில் பெருமையாக அறிவித்தார்கள். கடைசியில் காரை விட்டு இறங்கி, வியர்த்து வழிய நடந்தே வந்து சேர்ந்தார். ரிப்பனை வெட்டினார். காற்று ரிப்பனைத் தூக்கிக்கொண்டுபோய் கீழே ஆஸ்பத்திரி வேப்பமரத்தில் போட்டது. பிறகு பேசினார்:

"பெரியோர்களே! ஒரு மனிதர். ஒரு குடை. மழை இல்லாத நாளில் குடையோடு வந்தாரே, அவர் எப்பேர்ப்பட்ட தொலைநோக்கு உள்ளவர்! பேருந்து எங்கே நிற்க வேண்டும் என்று நாங்கள் காலகாலமாகக் குளிர்பதன அறையில் உட்கார்ந்து முடிவு செய்தோம். இன்று அந்த முடிவைக்கூட நாங்கள் எடுப்பதில்லை. எந்த முடிவையும் எடுக்காத நிர்வாகமே சிறந்த நிர்வாகம். நான் இந்த வழித்தடப் பேருந்தில் ஒரு நாளும் ஏறியதில்லை. ஏறாமலேயே பயணியின் மனதை அறிகிறேன் என்றால் அதுவல்லவா நிர்வாகத் திறமை! சிலர் குறை சொல்கிறார்கள், நோயாளிகள் நடக்கிறார்களாம். நான் கேட்கிறேன், மருத்துவர்கள் எல்லோரையும் நடக்கத்தானே சொல்கிறார்கள்? அந்த நடைக்கு நாம் தனியாகக் கட்டணம் வாங்கினோமா? வாங்கவில்லை. அடுத்த ஆண்டு வரைக்கும் வாங்கும் எண்ணமும் இல்லை!"

கைதட்டினார்கள். என்னை இரண்டு வார்த்தை பேசச் சொன்னார்கள். கூட்டம் என்று பார்த்தால் ஊழியர்கள் மட்டும்தான். இல்லை, சுவரோரம் லாரிக்காரர் நின்றுகொண்டிருந்தார், நம்மாள் எதற்கு மேடையில் நிற்கிறான் என்று புரியாமல். ஆனால் ஒலிபெருக்கி கைக்கு வந்தாயிற்று.

"ஐயா, எனக்கு ஒண்ணே ஒண்ணுதான் தெரியணும். ஆஸ்பத்திரி வாசல் ஸ்டாப்பு திரும்ப வருமா, வராதா?"

தலைவர் என் தோளில் கை போட்டார். "பார்த்தீர்களா, எவ்வளவு அருமையான கேள்வி! இப்படிப்பட்ட கேள்விகள் தொடர்ந்து கேட்கப்பட வேண்டும் என்பதே கழகத்தின் விருப்பம். இதற்கான பதில் எந்தத் திசையில் இருந்தாலும் அதை நோக்கி நாம் பயணித்துக்கொண்டே இருப்போம்!"

இன்னும் பலமாகக் கைதட்டினார்கள். நான் மறுபடி கேட்க வாய் திறந்தேன். அப்போது படம் எடுத்தார்கள்.

விழா முடிந்ததும் லாரிக்காரர் என்னிடம் வந்தார். அடிப்பார் என்று நினைத்தேன். அடித்திருந்தால் தேவலை. என் குடையை வாங்கி, விரித்துப் பார்த்து, மடக்கித் திரும்பக் கொடுத்தார். "ஒரு கம்பி உடைஞ்சிருக்கு, பார்த்துக்கோ" என்றார். அவ்வளவுதான். பாலத்து இறக்கத்தில் காலை இழுத்துக்கொண்டு நடந்து போனார். ஊர்க்காரர்கள் அந்த இடத்தைக் குடைக்காரர் ஸ்டாப் என்று கூப்பிட ஆரம்பித்தது அதற்குப் பிறகுதான்.

அடுத்த டயாலிசிஸ் நாள். காலையில் இறங்கும்போது ஏதோ வேலைக்காகத் தார்ப்பாய் போட்டு மூடியிருந்த நிழற்குடையை மதியம் திறந்துவிட்டிருந்தார்கள். அக்காவைத் தாங்கிக்கொண்டு ஏற்றம் ஏறினேன். அன்று அவள் எந்தக் கட்டடத்தைப் பற்றியும் கேட்கவில்லை. நின்றாள், மூச்சு வாங்கினாள், நடந்தாள். கையில் ஊசி குத்திய இடத்துக் கட்டுத்துணியில் சின்னதாக ரத்தம் கசிந்திருந்தது. உச்சிக்கு வந்து நிழற்குடைக்குள் குழாயில் சாய்ந்தாள். எனக்கு அப்போதுதான் தெரிந்தது, அவள் தலைக்கு நேர் மேலே, கண்ணாடிச் சட்டத்துக்குள், ஆளுயரத்தில் பாதி அளவுக்கு நான். வாய் திறந்து, கண் மூடி. கையில் குடை. கீழே பெரிய எழுத்தில்: 'இந்த நிறுத்தத்தை விரும்பித் தேர்ந்தெடுத்த முதல் பயணி.'

அக்கா நிமிர்ந்து பார்த்தாள். நிதானமாகப் படித்தாள். அவள் போட்டிருந்த கண்ணாடி நான் அளவு பார்த்துக் கொடுத்தது. எல்லாம் தெளிவாகத்தான் தெரிந்திருக்கும்.

"கண்ணை மூடிட்டு நிக்கறே" என்றாள்.

"அக்கா..."

"சட்டை நல்லா இருக்கு. போன வருஷம் நான் எடுத்துக் கொடுத்ததுதானே?"

"அக்கா, நான் வேணும்னு பண்ணலை. குடையை மாட்டினேன். கம்பின்னு நினைச்சேன். மணி அடிச்சிடுச்சு."

"ம்."

"எல்லாரும் என்னையே பார்த்தாங்க. பின்னாடியிருந்து ஒருத்தன் திட்டினான். இறங்கிட்டேன்."

"தெரியாம மாட்டிக்கிச்சுன்னு சொல்லிட்டு உள்ளயே நின்னிருக்கலாமேடா."

"வெட்கமா இருந்துச்சுக்கா."

அவள் கீழே பார்த்துக்கொண்டிருந்தாள். கீழே காவலாளி காலியான நாற்காலியை உருட்டி உள்ளே கொண்டுபோனார். வேப்பமரத்தில் ரிப்பன் இன்னும் ஆடிக்கொண்டிருந்தது. நிழற்குடைக்கு நிழற்குடை என்றுதான் பெயர், மதிய வெயில் நேராக அவள் முகத்தில் அடித்தது. குடையை விரித்துப் பிடித்தேன். உடைந்த கம்பிப் பக்கம் சரிந்து தொங்கியது.

"எம்மேல கோபமாக்கா?"

"பஸ் வருதா பாரு."

"வரலை. சொல்லுக்கா."

"பரவாயில்லடா. என்ன இப்போ."

"அப்படிச் சொல்லாதே." என் குரல் எனக்கே வேறு யாருடையதோ போலக் கேட்டது. "ஒரு மாசமா ஒவ்வொருத்தர்கிட்டயா ஒரே கேள்வியைக் கேட்டுட்டுத் திரியறேன். ஒருத்தரும் வாயைத் திறந்து ஆமா இல்லைன்னு சொல்ல மாட்டேங்கறாங்க. நீயும் லைன்ல நிறுத்தி வைக்காதே. கோபம் இருக்கா, இல்லையா?"

அவள் என் படத்தைப் பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்தாள். பாலத்தின் கோடியில் எங்கள் பேருந்து ஏறிவருவது தெரிந்தது.

"இருக்கு" என்றாள் அக்கா. "கையைக் குடு, ஏறணும்."